சுட்டவரும் போலீஸ், விசாரிப்பவரும் போலீஸா?

கேள்வி:

நாங்கள் லண்டன் டூட்டிங்கில இருக்கிறம். 2022 செப்டெம்பரில ஸ்ட்ரெதம் ஹில்லில பொலிஸ் ஒரு காரை மறிச்சுச் சுட்டதில கிறிஸ் காபா எண்ட பெடியன் செத்துப்போனது. "சுயாதீன விசாரணை நடக்குது" எண்டு உடனேயே சொன்னவை. ரெண்டு வருசம் கழிச்சு வழக்கு வந்து, ஜூரி மூண்டு மணித்தியாலத்தில சுட்டவரை விட்டிட்டுது. அப்ப அந்த விசாரணை வெறும் கண்துடைப்போ? அந்த அமைப்பிலயும் பழைய பொலிஸ்காரர் இருக்கினமாம். ஊரில 2016இல குளப்பிட்டியில ரெண்டு கம்பஸ் பெடியளைச் சுட்டுப்போட்டு முதலில "மோட்டர்சைக்கிள் விபத்து" எண்டு சொன்னதை மறக்கேலாமல் இருக்கு. இங்கயும் அப்பிடித்தானோ எண்டு யோசிக்கிறன். என்ர மகன் இரவில சாப்பாடு டெலிவரிக்குக் கார் ஓடுறவன். பொலிஸ் மறிச்சா அவன் என்ன செய்யவேணும்? இப்பிடி ஒண்டு கண்ணுக்கு முன்னால நடந்தா என்ன செய்யவேணும்?

— ஒரு தாய், டூட்டிங்

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு சந்தேகங்கள் பின்னிக் கிடக்கின்றன. விசாரித்தது யார் என்பது ஒன்று, ஜூரி ஏன் விடுவித்தது என்பது இன்னொன்று. தண்டனை கிடைத்தால் நேர்மையான விசாரணை, விடுதலையானால் கண்துடைப்பு என்று தீர்ப்பை வைத்து விசாரணைக்கு மதிப்பெண் போடுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். போலீஸ் துப்பாக்கிச்சூட்டு வழக்குகளில் அந்தக் கணக்கு சரிவராது. தீர்ப்பு வர வருடக்கணக்காகும். விசாரணை சுயாதீனமானதா இல்லையா என்பதோ பெரும்பாலும் குண்டு பாய்ந்த இரவிலேயே, பொழுது விடிவதற்குள் முடிவாகிவிடுகிறது. சம்பவ இடத்தை யார் கையில் வைத்திருந்தார்கள், சுட்டவரையும் உடன் இருந்தவர்களையும் தங்களுக்குள் பேசிக்கொள்ள விட்டார்களா, பத்திரிகைகளுக்கு முதல் வார்த்தை சொன்னது யார்? ஒரு கோப்பு கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது இவற்றைத்தான்.

அன்றிரவு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதைச் சாதாரண வாகனச் சோதனை என்று நினைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தப்பாகப் புரியும். 2022 செப்டம்பர் 5, இரவு பத்து மணி வாக்கில் ஓர் ஆடி கார் தெற்கு லண்டனில் போய்க்கொண்டிருந்தது. முந்தைய நாள் இரவு பிரிக்ஸ்டனில் நடந்த துப்பாக்கிச்சூட்டோடு அந்த வண்டிக்குத் தொடர்பு உண்டு என்று போலீஸ் குறித்து வைத்திருந்தது. நம்பர் பிளேட் கேமராவில் அது சிக்கியதும் ஆயுதப் பிரிவு பின்னால் போனது. சைரன் இல்லை, நீல விளக்கு இல்லை. கார் காபாவின் பெயரில் பதிவானதல்ல. ஓட்டுபவர் யார் என்று பின்தொடர்ந்தவர்களுக்குத் தெரியாது. கிர்க்ஸ்டால் கார்டன்ஸ் என்ற குடியிருப்புத் தெருவில் போலீஸ் வண்டிகள் முன்னும் பின்னும் வந்து மறித்தன. ஆயுதம் தாங்கியவர்கள் காரைச் சூழ்ந்துகொண்டு சத்தம் போட்டார்கள். காபா வண்டியை முன்னுக்கும் பின்னுக்கும் இடித்து வெளியேறப் பார்த்தார். மார்ட்டின் பிளேக் என்ற அதிகாரி முன்கண்ணாடி வழியாக ஒரே ஒரு முறை சுட்டார். குண்டு தலையில் பாய்ந்தது. நள்ளிரவு தாண்டிய சிறிது நேரத்தில் காபா இறந்தார். வயது 24. காருக்குள் துப்பாக்கி எதுவும் இல்லை.

இந்த நாட்டில் வழக்கமாகச் சாலையில் வண்டியை நிறுத்தும் போலீஸ்காரரிடம் துப்பாக்கியே இருக்காது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து ஆயுதப் போலீசார் ஆண்டுக்குச் சுமார் 18,000 முறை களமிறங்குகிறார்கள். சுட்டுக் கொல்லப்படுவோர் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்தில்தான் நிற்கிறது. அமெரிக்காவில் அது ஆயிரத்தை ஒட்டி வரும். உங்கள் மகனைப் பற்றிய கவலைக்காக இதைச் சொல்கிறேன். காபாவின் குடும்பத்துக்கு இந்தப் புள்ளிவிவரத்தால் ஆறுதல் எதுவும் இல்லை.

இனி விசாரித்தது யார் என்பதற்கு வருவோம். காபா வழக்கை விசாரித்தது ஐ.ஓ.பி.சி., அதாவது போலீசாரின் நடத்தையை விசாரிக்கும் சுயாதீன அலுவலகம். அது 2018 ஜனவரியில் இந்தப் பெயரோடு வந்தது. அதற்கு முன் 2004 முதல் ஐ.பி.சி.சி. என்ற பெயரில் இருந்தது. அதற்கும் முன்னால் 1985இல் தொடங்கிய புகார் ஆணையம் ஒன்று இருந்தது. அந்தப் பழைய ஆணையம் மேற்பார்வை மட்டும் பார்க்கும். வாக்குமூலம் வாங்குவது, தடயம் எடுப்பது எல்லாம் போலீசாரே. போலீசைப் போலீசே விசாரிக்கிறது என்ற உங்கள் சந்தேகம் அப்போது அப்படியே உண்மை. 1993இல் கொல்லப்பட்ட ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் வழக்கைப் போலீஸ் எப்படிக் கெடுத்தது என்று ஆராய்ந்த மெக்ஃபர்சன் அறிக்கை 1999இல் வந்த பிறகுதான், சொந்தமாக விசாரணையாளர்களை வைத்திருக்கும் ஓர் அமைப்புக்குச் சட்டம் பிறந்தது. போலீசின் கையால் ஒருவர் இறந்தாலோ படுகாயம் அடைந்தாலோ சம்பந்தப்பட்ட போலீஸ் பிரிவு தானாகவே ஐ.ஓ.பி.சி.க்குத் தெரிவித்தாக வேண்டும். யாரும் புகார் கொடுக்கும்வரை காத்திருக்க முடியாது.

அங்கே பழைய போலீஸ்காரர்கள் இருப்பது உண்மைதான். அமைப்பின் தலைவராக மட்டும் முன்பு போலீசில் இருந்தவர் வரவே கூடாது என்று சட்டம் தடுக்கிறது. கீழே உள்ள விசாரணையாளர்களுக்கு அந்தத் தடை இல்லை. இதில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. கொலை நடந்த இடத்தைப் பார்த்தவுடன் எங்கே தோட்டாக்கூடு கிடக்கும், எந்தப் பதிவேட்டில் நேரம் திருத்தப்பட்டிருக்கும் என்று தெரிய அனுபவம் வேண்டும். அந்த அனுபவம் பெரும்பாலும் போலீசில்தான் கிடைக்கிறது. ஆளின் பழைய உத்தியோகத்தைவிட எனக்குக் கவலை தருவது, ஐ.ஓ.பி.சி. வந்து சேரும் வரையுள்ள இடைவெளி. அந்த நேரத்தில் இடத்தைக் காப்பது சுட்டவரின் சக ஊழியர்கள்தான். வேறு வழியும் இல்லை, யாராவது காக்க வேண்டுமே.

இந்த இடைவெளியைப் பற்றி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007இல் நெதர்லாந்து வழக்கு ஒன்றில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 1998இல் ஆம்ஸ்டர்டாமில் ராம்சஹாய் என்ற இளைஞர் போலீசால் சுட்டுக் கொல்லப்பட்டார். தேசிய விசாரணைப் பிரிவு வந்து பொறுப்பேற்கும் வரை முதல் 15½ மணி நேரம் அதே ஆம்ஸ்டர்டாம் போலீஸ்தான் விசாரித்தது. சம்பவத்தில் இருந்த இரண்டு அதிகாரிகளையும் பிரித்து வைக்கவில்லை. சுட்டவரின் கைகளில் வெடிமருந்துத் தூள் இருக்கிறதா என்றும் பார்க்கவில்லை. சுட்டது தவறென்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனாலும் விசாரணை போதுமானதாகவும் சுயாதீனமாகவும் இல்லை, உயிர் வாழும் உரிமை அந்த வகையில் மீறப்பட்டது என்று சொன்னது. சுட்டது சரியா என்பதும் விசாரித்தது சரியா என்பதும் தனித்தனிக் கேள்விகள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் தீர்ப்பு எனக்குத் தெரியாது.

இந்த ஊரிலேயே இதற்கு மோசமான முன்னுதாரணம் உண்டு. ஸ்ட்ரெதம் ஹில் இருக்கும் அதே லாம்பெத் வட்டாரத்தில், ஸ்டாக்வெல் ரயில் நிலையத்தில், 2005 ஜூலை 22 அன்று ஜான் சார்லஸ் டி மெனசஸ் என்ற பிரேசில் நாட்டு எலக்ட்ரீஷியனைப் பயங்கரவாதி என்று தவறாக நினைத்துச் சுட்டுக் கொன்றார்கள். அன்றே லண்டன் மாநகரப் போலீசான மெட் போலீசின் கமிஷனர் இயன் பிளேர், ஐ.பி.சி.சி.யை உள்ளே விடாமல் நிறுத்தி வைக்கும்படி உள்துறைக்கு எழுதினார். அந்த அமைப்பு விசாரணையைக் கையில் எடுக்கவே மூன்று நாள் ஆனது. அதற்குள் அவர் தடிமனான ஜாக்கெட் போட்டிருந்தார், டிக்கெட் கதவைத் தாண்டிக் குதித்தார் என்றெல்லாம் செய்தி பரவிவிட்டது. இரண்டுமே பொய். பின்னால் வந்த விசாரணை எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் அந்த மூன்று நாளை யாராலும் திருப்பி எடுக்க முடியவில்லை. தனிப்பட்ட எந்த அதிகாரி மீதும் வழக்கு வரவில்லை. 2007இல் மெட் போலீஸ் நிறுவனமாகக் குற்றவாளி ஆனது. அதுவும் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 1,75,000 பவுண்டு அபராதத்தோடு.

முதல் வார்த்தை யாருடையது என்பதற்கு நீங்கள் குளப்பிட்டியைச் சொன்னீர்கள். அங்கே விபத்து என்ற கதை பிரேதப் பரிசோதனையில் குண்டுக் காயம் தெரிந்ததும் நொறுங்கி, ஐந்து போலீசார் கைதானார்கள். இங்கே இன்னொரு விதமான தவறு நடந்தது, அதுவும் சுயாதீன அமைப்பே செய்தது. 2011 ஆகஸ்ட் 4 அன்று டோட்டனமில் மார்க் டக்கன் சென்ற மினிகேபை இதே மாதிரி மறித்து அவரைச் சுட்டார்கள். இருபுறமும் சுட்டுக்கொண்டதாக ஐ.பி.சி.சி. பத்திரிகையாளர்களிடம் சொல்லிவிட்டது. ஒரு போலீஸ்காரரின் வாக்கி-டாக்கியில் தைத்திருந்த குண்டு போலீசின் துப்பாக்கியிலிருந்தே போனது என்பது பிறகு தெரிந்தது. அமைப்பும் தவறை ஒப்புக்கொண்டது. அதற்குள் லண்டன் எரிந்துகொண்டிருந்தது. சுயாதீனம் என்பது போலீஸ் சொன்னதைச் சரிபார்க்காமல் திருப்பிச் சொல்லாமல் இருப்பதும்தான். அந்த அமைப்பு அன்று அந்தப் பாடத்தில் தோற்றது.

டக்கன் வழக்கில் என்னை அதிகம் உறுத்தியது வேறு. அந்த நடவடிக்கையில் இருந்த அதிகாரிகள் சில நாள் கழித்து ஒரே அறையில் மணிக்கணக்கில் சேர்ந்து உட்கார்ந்து வாக்குமூலம் எழுதினார்கள். அப்போதைய விதிமுறை அதை அனுமதித்தது. ஒரு தெருச் சண்டையில் ஆறு பேர் பிடிபட்டால் அவர்களை ஒன்றாக உட்கார வைத்து, கலந்து பேசி எழுதுங்கள் என்று எந்தக் காவல் நிலையமாவது சொல்லுமா?

இப்போது நடைமுறை கொஞ்சம் மாறியிருக்கிறது. சுட்டவரின் துப்பாக்கியை வாங்கி, மீதமுள்ள தோட்டாக்களை எண்ணி, தனித்தனிப் பையில் போட்டு முத்திரை வைக்கிறார்கள். பாடி கேமராவைக் கழற்றி எடுத்துவிடுகிறார்கள். இதையெல்லாம் மேற்பார்க்க, சம்பவத்தில் சம்பந்தப்படாத ஒரு மூத்த அதிகாரி பொறுப்பில் இருப்பார். சுட்டவரோடு அவருடைய வழக்கறிஞரும் போலீஸ் சம்மேளனப் பிரதிநிதியும் இருப்பார்கள். மருத்துவர் பார்ப்பார். பணி முடித்துப் போவதற்கு முன் அவர் சில வரிகளில் முதல் வாக்குமூலம் தருவார்: எங்கே நின்றேன், என்ன ஆபத்து என்று நினைத்தேன், ஏன் சுட்டேன். விரிவான வாக்குமூலத்தைப் பொதுவாக 48 மணி நேரம் கழித்தே கேட்கிறார்கள், தூங்கி எழுந்தால் நினைவு தெளியும் என்பதால். அதில் அறிவியல் இருக்கலாம். ஆனால் கத்திக்குத்து வழக்கில் பிடிபடும் உங்கள் பக்கத்துவீட்டுப் பையனுக்கு யாரும் இரண்டு இரவு தூக்கம் கொடுப்பதில்லை. அதிகாரியை முதலில் சாட்சியாகவே நடத்துகிறார்கள். சந்தேகத்துக்கு ஆதாரம் தென்பட்டால்தான் சந்தேக நபர் ஆவார்.

காபா வழக்கில் அந்த மாற்றம் நான்கு நாளில் வந்தது. செப்டம்பர் 9 அன்று ஐ.ஓ.பி.சி. இதைக் கொலை விசாரணையாக அறிவித்தது. முந்தைய நாள் ராணி எலிசபெத் இறந்திருந்ததால் செய்தித்தாள்களில் அது எங்கோ ஒரு மூலையில் போயிற்று. அடுத்த நாள் காபாவுக்கு நீதி கேட்டுப் போன ஊர்வலத்தை ஒரு தொலைக்காட்சி, ராணிக்கு அஞ்சலி செலுத்தப் போகும் கூட்டம் என்று காட்டிப் பிறகு மன்னிப்புக் கேட்டது. குடும்பம் விடாமல் கேட்டதன் பிறகு செப்டம்பர் 12 அன்று அதிகாரி பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். 2023 மார்ச்சில் ஐ.ஓ.பி.சி. கோப்பை அரசுத் தரப்பு வழக்குத் துறையான சி.பி.எஸ்.ஸுக்கு அனுப்பியது. செப்டம்பரில் கொலைக் குற்றச்சாட்டு பதிவானது. குறை சொல்லலாம், நானும் சொல்வேன். ஆறு மாத விசாரணைக்குப் பின் கோப்பு மேசையில் இன்னொரு ஆறு மாதம் கிடந்தது, இரண்டு தரப்புக்கும் அது நரகம். ஆனால் கண்துடைப்புக்காக நடக்கும் விசாரணை ஓர் ஆயுதப் போலீஸ்காரர் மீது கொலை வழக்கில் போய் முடிவதில்லை.

அந்த வழக்கு பதிவானவுடன் நடந்ததையும் சொல்ல வேண்டும். மெட் போலீசில் நூற்றுக்கும் மேற்பட்ட அதிகாரிகள் ஆயுத அனுமதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். பயங்கரவாதத் தடுப்புக்கு ராணுவத்தைத் தயாராக நிறுத்தும் அளவுக்குப் போயிற்று. அப்போதைய உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மன் உடனே மறு ஆய்வுக்கு உத்தரவிட்டார். சுயாதீன விசாரணை என்றால் போலீசின் நெருக்குதலை மட்டும் தாங்கினால் போதாது, அரசாங்கத்தின் நெருக்குதலையும் தாங்க வேண்டும் என்பது அந்த வாரத்தில் வெளிப்படையாகத் தெரிந்தது.

பிறகு ஏன் விடுதலை? இங்கிலாந்துச் சட்டப்படி ஜூரி கேட்க வேண்டிய கேள்வி, "சுட்டிருக்கத்தான் வேண்டுமா" என்பதல்ல. சுட்டவர் அந்தக் கணத்தில் ஆபத்து இருப்பதாக உண்மையாகவே நம்பினாரா? நம்பியிருந்தால், அந்த நம்பிக்கை தவறாகவே இருந்தாலும், அவர் கண்ட ஆபத்துக்கு அந்த அளவு பலம் நியாயமானதா? அரசுத் தரப்பு இதில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் எதிர்மாறாக நிரூபிக்க வேண்டும். கார் தன் சக அதிகாரிகளை நசுக்கிக் கொன்றுவிடும் என்று நினைத்ததாகப் பிளேக் சொன்னார். கேமராப் பதிவில் தெரிவதோடு அது ஒத்துப்போகவில்லை, ஆபத்தை அவர் மிகைப்படுத்துகிறார் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. ஜூரி அந்தப் பதிவுகளையும் பார்த்து, அவரையும் கூண்டில் பார்த்து, 2024 அக்டோபர் 21 அன்று விடுவித்தது.

இந்தச் சட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டக்கன் மரண விசாரணையின் முடிவே சாட்சி. குண்டு பாய்ந்தபோது டக்கன் கையில் துப்பாக்கி இல்லை, அதற்கு முன்பே எறிந்துவிட்டார் என்று அந்த ஜூரியில் பெரும்பான்மை கருதியது. அதே ஜூரி 8-2 என்று, அது சட்டப்படியான கொலை என்றும் சொன்னது. கேட்டால் தலை சுற்றும். ஆனால் சுட்டவர் துப்பாக்கியைக் கண்டதாக உண்மையாகவே நம்பினார் என்று ஏற்றுக்கொண்டுவிட்டால், சட்டம் அங்கேதான் கொண்டுபோய் விடும்.

பிளேக் விடுதலையான பிறகு வெளிவந்த ஒரு செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். இறப்பதற்குச் சில நாள் முன்பு ஹாக்னியில் ஓர் இரவு விடுதியில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் காபாவுக்குப் பங்கு உண்டு என்று போலீஸ் சந்தேகித்தது. ஜூரிக்கு அதைச் சொல்லவில்லை, சொல்லாததே சரி. பிளேக்குக்குத் தான் யாரைச் சுடுகிறோம் என்றே தெரியாது. தெரியாத விஷயம் அவர் மனதில் இருந்த ஆபத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு "அப்ப சரிதான்" என்று சொன்னவர்கள் நம் ஆட்களிலும் உண்டு.

குற்ற வழக்கோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. 2025 ஏப்ரலில் ஐ.ஓ.பி.சி., பிளேக் கடுமையான ஒழுங்கு மீறலுக்கான விசாரணையைச் சந்திக்க வேண்டும் என்றது. அந்த விசாரணையில் அப்போது அளவுகோல் வேறாக இருந்தது: அதிகாரியின் நம்பிக்கை உண்மையானதாக இருந்தால் மட்டும் போதாது, நியாயமானதாகவும் இருக்க வேண்டியிருந்தது. வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023இல் இதை உறுதி செய்தது. அதை மாற்றி, ஒழுங்கு விசாரணையிலும் குற்ற வழக்கின் அளவுகோலையே வைப்பதாக அரசாங்கம் 2025இல் அறிவித்தது. 2024 அக்டோபரில் உள்துறை அமைச்சராக இருந்த இவெட் கூப்பர், ஆயுத அதிகாரிகளின் பெயரைத் தண்டனை கிடைக்கும்வரை வெளியிடாமல் இருப்பதையே விதியாக்குவதாகவும், ஐ.ஓ.பி.சி. ஒரு கோப்பை சி.பி.எஸ்.ஸுக்கு அனுப்புவதற்கான வரம்பை உயர்த்துவதாகவும் சொல்லியிருந்தார். பெயர் மறைப்பது எனக்குப் புரிகிறது. பிளேக்கின் உயிருக்கு மிரட்டல் இருந்தது. வரம்பை உயர்த்துவதுதான் பிடிக்கவில்லை. குற்றம் சாட்டலாமா என்பதை எடைபோட வேண்டியவர் வழக்குத் துறையின் வழக்கறிஞர். அவர் மேசைக்கு வருவதற்கு முன்பே கோப்பை வடிகட்டினால், கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்கே போய்ச் சேர்வோம்.

எல்லா விசாரணையும் விடுதலையில்தான் முடிகிறது என்றும் நினைக்காதீர்கள். ஆஸ்டன் வில்லாவின் முன்னாள் கால்பந்து வீரர் டேலியன் அட்கின்சன் 2016இல் டெல்ஃபர்டில் போலீசின் டேசர் பாய்ந்து, தலையில் உதையும் வாங்கி இறந்தார். இதே அமைப்பின் விசாரணைக்குப் பிறகு, 2021இல் பெஞ்சமின் மொங்க் என்ற போலீஸ்காரருக்கு எட்டு ஆண்டுச் சிறை கிடைத்தது. அது துப்பாக்கி வழக்கு அல்ல என்பது உண்மை.

இப்போது உங்கள் மகன். சீருடையில் உள்ள போலீஸ் நிறுத்தச் சொன்னால் வண்டியை நிறுத்தியாக வேண்டும், அது சட்டம். பாதுகாப்பான இடமாகப் பார்த்து ஓரம் கட்டட்டும், இன்ஜினை அணைக்கட்டும், கைகளை ஸ்டியரிங்கில் தெரியும்படி வைத்துக்கொள்ளட்டும். லைசென்ஸ் கையில் இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம், ஏழு நாளுக்குள் காவல் நிலையத்தில் காட்டலாம். வண்டியையோ அவனையோ சோதனை போட்டால் காரணமும் அதிகாரியின் பெயரும் நிலையமும் கேட்கலாம். சோதனைக்கான பதிவின் நகலையும் கேட்கலாம். அம்மா, டெலிவரி ஓடும் பிள்ளைகளுக்கு நிஜத்தில் வரும் தொல்லை துப்பாக்கியால் அல்ல, இன்ஷூரன்ஸால். சாதாரண கார் இன்ஷூரன்ஸில் காசுக்குச் சாப்பாடு கொண்டுபோவது அடங்காது. ஹயர் அண்ட் ரிவார்ட் என்ற வகை தனியாக எடுக்க வேண்டும். இல்லையென்றால் இன்ஷூரன்ஸே இல்லாததற்குச் சமம்: 300 பவுண்டு, லைசென்ஸில் ஆறு புள்ளி, வண்டியும் போகலாம். இன்றைக்கே அவனிடம் கேட்டுப் பாருங்கள்.

கண்ணுக்கு முன்னால் ஏதாவது நடந்தால், தூர நின்று போனில் படம் எடுக்கலாம். பொது இடத்தில் போலீசைப் படம் எடுப்பது குற்றமல்ல. 2023 ஜூனில் பாரிஸை ஒட்டிய நான்டேரில் 17 வயது நாயல் என்ற பையனை வாகனச் சோதனையில் சுட்டபோது, கார் போலீஸ் மீது ஏற வந்தது என்ற கதைதான் முதலில் வந்தது. வழியில் நின்ற ஒருவர் எடுத்த வீடியோவில் போலீஸ்காரர் காரின் பக்கவாட்டில் நின்று துப்பாக்கி நீட்டியிருப்பது தெரிந்தது. பிரான்சில் அதை விசாரிக்கும் ஐ.ஜி.பி.என். உள்துறைக்குள்ளேயே இருக்கும் பிரிவு, போலீசின் சொந்த உறுப்பு. அந்த வீடியோ இல்லாவிட்டால் விசாரணை எந்தப் பக்கம் போயிருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

எடுத்த வீடியோவை வெட்டவோ ஒட்டவோ வேண்டாம், வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மூலமென்று வைத்துக்கொள்ளவும் வேண்டாம். அனுப்பும்போதே தரம் குறைந்துவிடும். போனில் உள்ள முதல் கோப்பை அப்படியே வைத்திருங்கள். சாட்சிகளை அழைத்து ஐ.ஓ.பி.சி. அறிவிப்பு விடும், அவர்களை நேராகத் தொடர்புகொள்ளுங்கள். சம்பவ இடத்தில் நிற்கும் போலீஸ் போனைக் கேட்டால், எந்தச் சட்டப் பிரிவின் கீழ் கேட்கிறார்கள் என்று விசாரித்து, கொடுத்தால் ரசீது வாங்குங்கள். வாக்குமூலம் கொடுக்கும்வரை அங்கே நின்ற மற்றவர்களோடு உட்கார்ந்து "நீ என்ன பார்த்தாய், நான் என்ன பார்த்தேன்" என்று ஒப்பிட்டுப் பேச வேண்டாம். நேரம், இடம், யார் எங்கே நின்றார்கள், என்ன சத்தம் கேட்டது என்பதை மகன் அன்றிரவே தன் கைப்பட எழுதித் தேதி போட்டு வைக்கட்டும். தமிழில் எழுதினால் போதும். வாக்குமூலத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று ஐ.ஓ.பி.சி.யிடம் கேட்கலாம்.